ஓர்க்கோலை

கொண்டச்சி என்றதும் முத்தே நம் நினைவுக்கு வருகின்றது. சிலாவத்துறைக்கு அண்மையிலுள்ள இக்குடாக் கரையில், சலாபக் காலத்தில் ஓலைக் கொட்டில்களாலான ஒரு நகரமே எழும். குளிப்பு முடிந்ததும் மறைந்துவிடும். றொபேட் பேர்சிவல் 1803இல் வெளியிட்ட தம் நூலில் இக்காட்சியை விரிவாக வருணித்துள்ளார்.

ஆயினும் நம் முன்னோர் கடல்படு பொருள் ஐந்தை எண்ணியபோது, சங்கு, பவளம், முத்து, உப்பு என்பவற்றுக்கெல்லாம் முன்னதாக ஓர்க்கோலையை வைத்தனர். ஓர்க்கோலையாவது யாது? மீனம்பர் என்று அகராதி கூறும். முத்தைப் பற்றி ஓயாது பேசும் நம்மில் எத்தனை பேர் இதனை அறிவோம்?

அம்பரின் பிறப்பு நெடுங்காலம் அறிஞரையே மயக்கிற்று. கடலடியில் சுரக்கும் ஊற்று என்றனர் சிலர்; காளான்போல் முளைப்பது என்றனர் வேறு சிலர். நம் குடாக்கடல் முத்துக்குளிப்பைப் பற்றி எழுதிவைத்த மார்க்கோ போலோவோ, அது திமிங்கிலத்தின் வயிற்றில் உண்டாவதென 13ஆம் நூற்றாண்டிலேயே கேட்டறிந்திருந்தார். 1783இல் சுவெடியார் என்னும் மருத்துவர் இலண்டன் அரச கழகத்தின் ஏட்டில் அதனை விளக்கினார். அம்பர்க் கட்டிகளுள்ளே கணவாயின் அலகுகள் பதிந்திருந்தமையே அவர் காட்டிய சான்று.

எண்ணெய்த் திமிங்கிலத்தின் பேருணவு கணவாய். செரியாத அவ்வலகுகளைச் சுற்றி, மிகச் சில திமிங்கிலங்களின் குடலில் மட்டும் மெழுகனைய பொருள் திரள்கின்றது. செய்தித்தாள்கள் இதனைத் 'திமிங்கில வாந்தி' என்கின்றன. குடலில் விளைவது வாந்தியாவது எங்ஙனமோ, நாமறியோம்! புதிய கட்டி கருநிறமும் சாண நாற்றமும் உடையது. ஆண்டுக்கணக்காக உவர்நீரிலும் வெயிலிலும் மிதந்த பின்னரே சாம்பல் நிறமும் இன்மணமும் பெறும். அதன் அருமை தன் மணத்தில் மட்டுமன்று. பிற மணங்கள் விரைந்து பறந்துபோகாமல் பிடித்துவைப்பதிலும் உளது. அத்தர் வடிப்போரும் யூனானி வைத்தியரும் அதனைப் பொன்போற் போற்றியது வியப்பன்று.

கற்பிட்டிக்கு அப்பால் ஆழ்கடலில் இவ்வினத் திமிங்கிலங்கள் இன்றும் காணப்படுகின்றன. கொண்டச்சிக் கடலோ ஆழமற்றது. அங்கே அம்பர் அலை கொணர்ந்தால்தான் உண்டு. வாசனைத் தொழிலாளர் இப்போது பெரும்பாலும் செயற்கைப் பொருளையே கையாளுகின்றனர். எனினும் மெய்யம்பர் மீதுள்ள ஆசை தணியவில்லை. பாரதத்தில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதன் வாணிகத்தைத் தடுக்கின்றது. அண்மை ஆண்டுகளில் தூத்துக்குடிக் கரையிலிருந்து இலங்கைக்குக் கடத்த முயன்றோர் பலர் பிடிபட்டுள்ளனர். கரையொதுங்கிய கட்டியொன்றை இன்னதென்று அறியாமல் எடுத்துச் சென்று குடிசையில் வைத்த ஏழை மீனவனும் அங்கே விசாரணைக்கு உள்ளாக நேரிடும்.