பஞ்சாங்கக் கணிதமும் மனிதத் தெரிவும்

கணினி நெறிகள் மனித அடையாளத்தை வரையத் தொடங்கிவிட்டன என்னும் அச்சம் புதிது, செய்தி பழையது. சுன்னாகம் முதலிய எம்மூர்களிற் பிள்ளையின் பெயருக்கு முதலெழுத்தை வகுத்தது நட்சத்திரம். நட்சத்திரத்தை வகுத்தது பஞ்சாங்கக் கணிதம்.

வாக்கிய முறையிற் சந்திரனின் நிலையை 248 வாக்கியங்கள் தருவன. அவற்றை மனனஞ் செய்தவர் வானியற் கொள்கையை அறிந்திருத்தல் வேண்டுமென்பதில்லை. 1825இல் புதுச்சேரியில் ஜோன் வாறன் என்பவருக்குத் தமிழ்க் கணிதர் ஒருவர் நிலத்திற் சோழிகளைப் பரப்பி, நினைவிலிருந்த வாய்பாடுகளைக் கொண்டே சந்திரகிரகணமொன்றைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்திற் பிழை 4 நிமிடம். முடிவில் 52 நிமிடம். பொருளுணராது விதியைப் பின்பற்றியே இத்துணை தூரம் செல்லலாம் என்பது வியப்பன்றோ!

யாழ்ப்பாணத்தில் வாக்கியம், திருக்கணிதம் என இருவகைப் பஞ்சாங்கங்கள் வழங்குகின்றன. நட்சத்திர எல்லையிற் பிறந்த பிள்ளைக்கு ஒன்றில் அசுவினி, மற்றதிற் பரணி எனவும் வரலாம். பெயரெழுத்தும் விவாகப் பொருத்தமும் உடன் மாறும். எதனை ஏற்பதெனத் துணிந்தோர் வீட்டார். (விரும்பிய சம்பந்தத்துக்கு இசைந்த பஞ்சாங்கமே சரியானதாகிவிடுதலும் உண்டு போலும்.) கணிதத்தின் ஆட்சிக்குள்ளும் மனிதர்க்கு எஞ்சிய உரிமை அதுவே.

இன்று கைத்தொலைபேசி நொடியிற் சாதகம் தருகின்றது. எம்முறையாற் கணிப்பதென்பதை நிரலை எழுதியவர் முன்னரே தீர்மானித்துவிடுகின்றார். விடையை மட்டும் காணும் வீட்டார்க்கு, தெரிவு செய்தற்கு இரண்டு இருந்தன என்பதே பெரும்பாலும் புலனாவதில்லை.