ஆயிரம் கணினிகளுக்கு ஒரே நிரல்: பணியை எளிதாக்கிய 'மேப்ரெடியூஸ்'

கோடிக்கணக்கான இணையப் பக்கங்களில் ஒவ்வொரு சொல்லும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவது எளிய கணக்குதான். ஆனால் அத்தனை தரவும் ஒரு கணினியில் அடங்காது. பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுத்தால், எதற்கு எந்தப் பங்கு, இடையில் ஒன்று பழுதானால் அதன் வேலையை எது முடிப்பது என்ற சிக்கல்கள் எழும். கணக்கைவிட இவற்றைச் சமாளிக்கவே நிரலாளர்கள் அதிகம் எழுத வேண்டியிருந்தது.

கூகுள் பொறியாளர்கள் ஜெஃப் டீன், சஞ்சய் கெமாவத் ஆகியோர் இதற்குக் கண்ட தீர்வே 'மேப்ரெடியூஸ்'. கெமாவத், ராஜஸ்தானின் கோட்டா நகரில் வளர்ந்தவர். இம்முறையை விளக்கும் ஆய்வுக் கட்டுரையை இருவரும் 2004 டிசம்பரில் வெளியிட்டனர்.

இதனை வாக்கு எண்ணிக்கையுடன் ஒப்பிடலாம். ஒவ்வொரு மேசையிலும் அங்குள்ள வாக்குகள் மட்டும் எண்ணப்படுகின்றன; பின்னர் வேட்பாளர் வாரியாகக் கூட்டப்படுகின்றன. முதல் பணி 'மேப்', இரண்டாவது 'ரெடியூஸ்'. இவ்விரண்டையும் எழுதுவது மட்டுமே நிரலாளரின் பொறுப்பு. தரவைப் பிரிப்பது, கூடுமானவரை அது சேமிக்கப்பட்டுள்ள கணினியிலேயே வேலையை ஒப்படைப்பது, பதில் வராத கணினியின் பங்கை வேறொன்றுக்கு மாற்றுவது ஆகியவற்றை அமைப்பே கவனித்துக்கொள்ளும்.

இதன் வலிமையைக் கட்டுரையில் இடம்பெற்ற சோதனை காட்டுகிறது. சுமார் 1,800 கணினிகளில், ஏறத்தாழ ஒரு டெராபைட் தரவு 891 விநாடிகளில் வரிசைப்படுத்தப்பட்டது. இதற்கு நிரலாளர் எழுதியது 50 வரிகளுக்கும் குறைவு. பின்னர், இயங்கிக்கொண்டிருந்த 1,746 பணிச் செயல்முறைகளில் 200 வேண்டுமென்றே நிறுத்தப்பட்டன. அப்போதும் வேலை 933 விநாடிகளில் முடிந்தது. பழுதைவிட மந்தமே பெரிய இடையூறு என்பதும் தெரியவந்தது: பின்தங்கும் கணினிகளின் வேலையை மற்றவற்றிலும் இணையாக ஓட்டும் வசதியை நீக்கியபோது 1,283 விநாடிகள் ஆயின.

இக்கட்டுரையின் அடிப்படையில் டக் கட்டிங், மைக் கஃபரெல்லா ஆகியோர் உருவாக்கிய திறமூல மென்பொருள் 2006-இல் 'ஹடூப்' எனப் பெயர் பெற்றது. அது கட்டிங்கின் மகன் வைத்திருந்த பொம்மை யானையின் பெயர். கூகுளுக்கு வெளியே இருந்தோருக்கும் இம்முறை அதன் வழியாகவே எட்டியது.

எனினும், எல்லாக் கணக்கும் இந்த இரு படிகளுக்குள் அடங்குவதில்லை. ஒரே தரவை மீண்டும் மீண்டும் அலசும் இயந்திரக் கற்றல் பணிகளில், ஒவ்வொரு சுற்றின் விடையும் வட்டில் எழுதப்பட்டு மறுபடி படிக்கப்படுவதால் நேரம் வீணாகிறது. தரவை நினைவகத்திலேயே வைத்து இக்குறையைப் போக்கும் 'ஸ்பார்க்' திட்டம் 2009-இல் அமெரிக்காவின் பெர்க்லி கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்டது.