மலாக்காவில் அரிசித்தாள் ஒட்டுக்கலை

பூ, பறவை, பழைய நிலப்படம், எழுத்து என ஏதேனும் அச்சிட்ட மெல்லிய தாளைக் கிழித்தோ கத்தரித்தோ பலகைப் பெட்டி, தட்டு, ஏடு ஆகியவற்றின் மேல் ஒட்டி, மேலே மறுபடியும் பசையோ வார்னிஷோ பூசித் தாளின் விளிம்பே தெரியாமல் பரப்போடு ஒன்றாக்கிவிடும் கைவேலை அரிசித்தாள் ஒட்டுக்கலை. பெட்டியிலும் தட்டிலும் செய்வதை டெகூபாஜ் என்கிறார்கள். நாட்குறிப்பும் ஓவியமும் கலந்த ஏட்டில் செய்தால் அது கலைக்குறிப்பேடு. இந்தப் பெயர்களும் கடையில் விற்கும் வண்ணத் தாள்களும் மலேசியாவுக்கு அண்மையில் வந்தவை. மெல்லிய தாளும் அச்சுப்படமும் பசையும் ஒன்றுசேரும் வேலையோ மலாக்காவில் பழையது. தமிழர் வீட்டிலும் பழையது.

பெயரில் அரிசி இருந்தாலும் கைவினைக் கடையில் கிடைக்கும் தாள் பெரும்பாலும் காகித மல்பெரி மரத்தின் பட்டை நாரால் ஆனது. தாய்லாந்தில் அதைச் சா என்றும் ஜப்பானில் கோசோ என்றும் சொல்வார்கள். சீனாவின் ஆன்ஹுய் மாநிலத்துச் சுவான் தாளில் மட்டும் மரப்பட்டை நாரோடு வைக்கோலும் சேரும். அதன் தயாரிப்பு முறையை 2009இல் யுனெஸ்கோ மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. 19ஆம் நூற்றாண்டில் காண்டன் ஓவியர்கள் வெள்ளைக்காரர்களுக்கு விற்ற ‘அரிசித்தாள்’ ஓவியங்களின் தாள் வேறு வகை. ஒரு செடியின் தண்டுச் சோற்றைக் கத்தியில் சுழற்றிச் சீவி எடுத்தது அது. தஞ்சாவூர் நெட்டி வேலையைப் பார்த்தவர்களுக்கு அந்த வெண்மை உடனே பிடிபடும்.

மெல்லிய தாளில் அச்சிடும் தொழில் மலாக்காவில் வேரூன்றியதற்குத் தெளிவான ஆண்டு உண்டு. 1815இல் பாதிரியார் வில்லியம் மில்ன் இங்கே வந்து சீன மொழியில் ஒரு மாத இதழைத் தொடங்கினார். சீன மொழியின் முதல் நவீனப் பருவ இதழாக அதையே கொள்கிறார்கள். அவரோடு காண்டனிலிருந்து வந்த லியாங் ஃபா அச்சுப்பலகை செதுக்குவதில் தேர்ந்தவர். எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்கிய பலகையில் மை தடவி, மேலே தாளை விரித்து, காய்ந்த தூரிகையால் நீவி எடுப்பது அந்த முறை. மை ஊறிப் பின்பக்கம் தெரியும் என்பதால் ஒரு பக்கம் மட்டுமே அச்சிட்டு, தாளை நடுவில் மடித்துத் தைப்பார்கள். 1818இல் ஆங்கிலோ சீனக் கல்லூரி இங்கே எழுந்தது. ராபர்ட் மாரிசனின் சீன விவிலியம் 1823இல் இதே ஊரில் பலகையச்சாக வெளிவந்தது. மையை உறிஞ்சிக்கொண்டு, ஈரம் பட்டாலும் குழைந்துபோகாமல் நிற்பதுதான் அத்தகைய தாளின் சிறப்பு. இன்று ஒட்டுக்கலைக்காரர்கள் தேடுவதும் அதே குணத்தைத்தான்.

அந்த அச்சகச் சூழலில் பழகியவர்தான் முன்ஷி அப்துல்லா. மலாக்காவில் பிறந்த அவருடைய மூதாதையரில் அரபியரும் தமிழரும் உண்டு. சிறுவயதில் தமிழ் படிக்க அனுப்பப்பட்டதையும், வணிகக் கணக்குக்காக நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது அப்போதைய மலாக்கா வழக்கம் என்பதையும் அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்த நூல் 1849இல் சிங்கப்பூரில் கல்லச்சில் வந்தது. தாளும் மையும் அச்சும் தெரிந்த ஒரு மலாக்காக்காரரின் பெயர் இந்த வரலாற்றில் விடுபடக் கூடாது.

டெகூபாஜின் ஐரோப்பியக் கதையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சீன, ஜப்பானிய அரக்குப் பெட்டிகளுக்கு அங்கே விலை அதிகம். அவற்றைப் போலச் செய்யும் முறைகளை விளக்கி ஸ்டாக்கர், பார்க்கர் இருவரும் 1688இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். 18ஆம் நூற்றாண்டு வெனிஸில் படங்களை வெட்டி ஒட்டி, பல பூச்சு வார்னிஷ் இட்டு அரக்கு வேலை போலக் காட்டினார்கள். பஸ்ஸானோ ஊரின் ரெமொண்டினி அச்சகம் வெட்டுவதற்கென்றே படத்தாள்களை அச்சிட்டது. கிழக்கின் கலையைப் பார்த்து மேற்கில் பிறந்த அந்த வேலைதான் இன்று கிழக்கின் தாளோடு நம் ஊர்க் கடைக்குத் திரும்ப வந்திருக்கிறது.

தமிழர் பக்கம் பார்த்தால் இந்தக் கைப்பழக்கம் இரண்டு வழியில் வந்தது. ஒன்று செட்டிநாட்டு வழி. ஓவியர் ரவி வர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் தெய்வப் படங்களை வீடுதோறும் சேர்த்தது. செட்டிநாட்டு வீடுகளில் அந்தப் படங்களின் மேல் சேலைத் துணியையும் சரிகையையும் மணியையும் வெட்டி ஒட்டிக் கண்ணாடிச் சட்டம் போட்டார்கள். லட்சுமியின் முகமும் கைகளும் அச்சு, புடவை மட்டும் உண்மைத் துணி. செட்டிநாட்டு நகரத்தார் வட்டித்தொழிலுக்கு வந்து தங்கிய ஊர்களில் மலாக்காவும் ஒன்று.

மற்றது தோட்டத்து வழி. என் கணிப்பில் இதுவே முக்கியமானது. 1896இல் மலாக்காச் சீனரான தான் சாய் யான் இங்குள்ள புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார், பிறகு புக்கிட் அசஹான் தோட்டம் வந்தது. பால்மரம் பெருகப் பெருகத் தமிழ்த் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களும் பெருகின. லயத்து வீட்டின் சாமி மேடைக்குச் சிவகாசி நாட்காட்டிப் படம்தான் துணை. கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் அப்படித்தான் கடல் தாண்டினார்கள். ஆண்டு முடிந்ததும் தேதித்தாள் குப்பைக்குப் போகும், படம் போகாது. ஓரம் கத்தரித்து, மைதாவைக் காய்ச்சிய பசையால் அட்டையில் ஒட்டுவார்கள். பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பதும் உண்டு. வாழ்த்து அட்டையும் வார இதழ்ப் படமும் அதே பசையில் சுவரேறின. பள்ளிக்கூடத்தில் ஸ்கிராப் புக் செய்த பிள்ளைகள் இந்தக் கைப்பழக்கத்தை ஏட்டுக்குக் கொண்டுபோனார்கள். கலைக்குறிப்பேடு என்று இன்று சொல்வதற்கு மலேசியத் தமிழரிடையே இதைவிட நெருங்கிய முன்னோடி இல்லை.

அக்கம்பக்கத்துக் காகித வேலைகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கிளந்தான் வாவ் பட்டத்தில் பளபளப்புத் தாளைக் கொடியும் பூவுமாக வெட்டி அடுக்கடுக்காக ஒட்டுகிறார்கள். அவற்றைப் பார்க்க மலாக்கா நகரிலேயே பட்ட அருங்காட்சியகம் உண்டு. 1781இல் டச்சுக்காரர் தந்த நிலத்தில் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து சற்று நடந்தால் தோகோங் சாலை, அங்கே சீனர் எரிபடையலுக்கான காகிதக் கடைகள். பொன்தகடு ஒட்டிய அந்தச் சதுரத் தாளைச் சிலர் ஒட்டுக்கலைக்கு வாங்குகிறார்கள். அது வழிபாட்டுக்குரியது. அலங்காரத்துக்குப் பயன்படுத்துமுன் சீன நண்பரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதே முறை. 

செய்முறையில் கவனிக்க வேண்டியவை சில. படத்தைச் சுற்றி ஈரத் தூரிகையால் கோடு இழுத்து, இரு பக்கமும் மெல்ல இழுத்தால் தாள் நார்நாராகப் பிரியும். அந்த விளிம்பு பரப்பில் கரைந்துவிடும், கத்தரித்த விளிம்பு எளிதில் காட்டிக்கொடுக்கும். பசை பட்டதும் தாளின் வெள்ளைப் பகுதி கண்ணாடி போல் ஆகி அடி நிறத்தைக் காட்டும் என்பதால் பலகைக்கு முதலில் வெள்ளை அடிக்க வேண்டும். ஏட்டில் அதுவே நன்மை: அடியில் எழுதிய வரி தாளின் ஊடாகத் தெரியும், பக்கமும் தடிக்காது. நடுவிலிருந்து வெளிப்புறமாக நீவினால் காற்றுக்குமிழி நிற்காது. கடலோர ஈரத்தில் பூஞ்சணமும் இராமபாணப் பூச்சியும் மாவுப்பசையை விடுவதில்லை. அதனால் ஒவ்வொரு பூச்சும் முழுதாகக் காய்ந்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயங்கள் இடிபடும்போது சுவர்ப் படங்களும் பழைய ஸ்கிராப் புத்தகங்களும் குப்பையோடு போகின்றன. உங்கள் வீட்டில் ஒன்று மிஞ்சியிருந்தால் புதிய ஏட்டுக்காக அதை வெட்டிவிடாதீர்கள். படம் பிடித்து, லேசர் அச்சில் அரிசித்தாளில் நகலெடுத்து அதை ஒட்டுங்கள். இங்க்ஜெட் மை பசை பட்டதும் கலங்கிவிடக்கூடும். அசலின் பின்பக்கத்தில் தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் ஒட்டியவர் பெயரையும் பென்சிலால் எழுதி வையுங்கள்.