விடுபட்ட இரண்டாம் போர்



கல்லடிப் பக்கத்துப் பாடசாலையொன்றில் நான் ஏழாம் வகுப்புப் படித்த காலம். கலியாண வீடானாலும் கோயில் திருவிழாவானாலும் ஒலிபெருக்கியில் கட்டபொம்மன் வசனம் முழங்காமல் இராது. வாவிக்கு அக்கரையில் போட்டாலும், இரவில் அது எங்கள் முற்றத்தில் தெளிவாகக் கேட்கும். கேட்டுக் கேட்டே முழுவதையும் பாடமாக்கினேன். கலைவிழாவன்று மட்டை வாளோடு மேடையேறி ஜாக்சன் துரையை நடுங்க வைத்தேன். கைதட்டல் ஓய்ந்ததும் சரித்திர ஆசிரியர் என்னை அருகில் அழைத்தார்.

"நல்லாச் செய்தாய், மனே. தம்பி ஊமைத்துரைக்குப் பிறகு என்ன நடந்தது, தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை. படத்தில் அது இல்லையே! அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்களிடமும் கொண்டு வந்திருக்கிறேன்.

'வீரபாண்டிய கட்டபொம்மன்' 1959இல் வெளிவந்தது. இயக்கம் பி. ஆர். பந்துலு, வசனம் சக்தி கிருஷ்ணசாமி. சிவாஜி கணேசனுக்கு 1960இல் கெய்ரோ ஆசிய-ஆபிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருதைத் தேடித் தந்த படம் அது. சரித்திரம் தெரிந்தவர்கள் அதில் முதலில் குறை காண்பது ஜாக்சன் சந்திப்பில். 1798 செப்டெம்பரில் இராமநாதபுரத்தில் நடந்தது வரி நிலுவைக் கணக்கு விசாரணை. பாளையக்காரரை ஊர் ஊராக அலைய வைத்த பின்னரே கலெக்டர் ஜாக்சன் அவரைச் சந்தித்தார். சந்திப்பு கைகலப்பில் முடிய, லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். பின்னர் கம்பனியே விசாரணை நடத்தி ஜாக்சனைப் பதவி நீக்கியது. நான் மேடையில் முழங்கிய வார்த்தைகள் வசனகர்த்தாவின் கற்பனை.

இதை நான் பெரிய குற்றமாகச் சொல்லமாட்டேன். வடமோடிக் கூத்தில் அருச்சுனன் பாடும் விருத்தத்தைப் பாரதப் போர்க்களத்தில் யார் குறித்து வைத்தார்கள்? சேர்த்தது எது என்று பார்ப்பவனுக்குத் தெரியும். விடுபட்டது எது என்பதுதான் அவனுக்குத் தெரியாது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

1799 செப்டெம்பர் 5ஆம் திகதி மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கினார். அன்றைய தாக்குதல் முறியடிக்கப்பட்டது. ஆனாலும் இரண்டு நாட்களுக்குள் கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேற நேர்ந்தது. புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள் அவரைப் பிடித்துக் கொடுத்தார்கள். இருந்தும், நம் பேச்சில் துரோகிக்குப் பெயராகி நிலைத்தது எட்டப்பன் பெயர்தான். ஒக்டோபர் 16இல் கயத்தாற்றில் தூக்கு. அவர் அஞ்சாமல் நடந்து சென்றதையும், கோட்டையைக் காத்து அங்கேயே மடியாமல் வந்துவிட்டோமே என்று வருந்தியதையும் மறுநாள் மேலிடத்துக்கு எழுதியவர் தூக்கிலிட்ட அதே பானர்மன். ஆயிரம் வசனத்துக்கு ஈடான வருத்தம் அது.

படம் கயத்தாற்றோடு முடிகிறது. போர் முடியவில்லை.

1801 பெப்ரவரி 2ஆம் திகதி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். கம்பனி இடித்துப் போட்ட கோட்டை சில நாட்களுக்குள் மறுபடி எழுந்து நின்றது. மார்ச் 31இல் வந்த படை பெரும் இழப்போடு பின்வாங்கியது. கேணல் அக்னியூவின் தலைமையில் புதிய படையும் பீரங்கிகளும் வந்த பிறகே, மே 24இல் கோட்டை விழுந்தது. அண்ணனின் போர் சில நாட்கள். தம்பியின் போர் பல வாரங்கள். ஆனால் தம்பி பேச்சு வராதவர். சைகையால் படை நடத்தியவர். வசனத்தால் நிற்கும் ஒரு படத்தில் அவருடைய போருக்கு எங்கே இடம்?

அந்த முற்றுகையில் எதிரணியில் நின்ற ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரி, 1830இல் வெளிவந்த தம் நினைவுக்குறிப்பில் ஒரு சம்பவத்தை எழுதி வைத்தார். கோட்டை விழுந்த பின், ஒரு தாய் தன் மகனைத் தேடிப் பிணங்களுக்கிடையே வருகிறாள். மகனுக்கு உயிர் இருக்கிறது. அவனோ, தன்னை விட்டுவிட்டு அருகில் காயப்பட்டுக் கிடக்கும் ஊமைத்துரையைக் காப்பாற்றச் சொல்கிறான். பெண்கள் அவரைத் தூக்கிச் செல்கிறார்கள். தேடி வந்த ஆட்களைக் கண்டதும் வெள்ளைத் துணியால் மூடி, அம்மாள் வருத்தத்தில் செத்த பிள்ளை என்று ஒப்பாரி வைக்கிறார்கள். வந்தவர்கள் கிட்ட நெருங்காமல் விலகிப் போகிறார்கள்.

எந்த வசனகர்த்தாவால் இதைக் கற்பனை செய்ய முடியும்? 1801 நவம்பரில் ஊமைத்துரையும் தூக்கிலிடப்பட்டார். அந்தத் தாயின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

விடுபடுதல் எவ்வளவு பெரிய பொய்யாகும் என்பதற்குப் புளியந்தீவில் நிற்கும் நம்முடைய கோட்டையே சாட்சி. 1638 மே 18இல் ஒல்லாந்தரும் கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனும் சேர்ந்து அதைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினார்கள். ஐந்து நாட்களில் இங்கேயே ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. பிடிக்கும் கோட்டைகளில், அரசன் விரும்பினால், ஒல்லாந்தர் காவற்படை வைக்கலாம் என்பது அரசனிடமிருந்த பிரதி. 'அரசன் விரும்பினால்' என்ற அந்தச் சொற்கள் ஒல்லாந்தரின் பிரதியில் இல்லை. அதில் பொய்யாக எதையும் சேர்க்கவில்லை, நேயர்களே, விட்டார்கள், அவ்வளவுதான். அதன்பின் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கரையோரக் கோட்டைகளில் ஒல்லாந்தர் இருந்தார்கள்.

நாமும் ஒரு நீண்ட போரைக் கண்டவர்கள். அது 2009இல் முடிந்தது. அதைப் பற்றியும் படங்கள் வரும். சீருடையின் நிறம் சரியாக இருக்கும், துப்பாக்கியின் வகை சரியாக இருக்கும், திகதியும் சரியாக இருக்கும். வெள்ளைத் துணியோடு வந்த தாய் அதில் இருப்பாளா?

தியேட்டரை விட்டு வெளியே வரும்போது பக்கத்தில் நிற்கும் பிள்ளையிடம், என் ஆசிரியர் கேட்டதைக் கேளுங்கள்: பிறகு என்ன நடந்தது, தெரியுமா?