வழிபாடும் சான்றும்: வாஷிங்டன் தேசியப் பேராலயத்தின் இரு கண்ணாடிச் சாளரங்கள்

தேவாலயச் சாளரத்தில் அமைந்த வண்ணக் கண்ணாடி ஓவியம் கலைப்பொருளாகவும் வழிபாட்டின் உறுப்பாகவும் ஒருங்கே விளங்குவதால், அது போற்றும் பொருள் அறத்திற்கு முரணானது எனப் பிற்காலத்தார் உணரும்போது அதனை என்செய்வது என்னும் வினா எளிதில் தீர்வதில்லை. வாஷிங்டன் தேசியப் பேராலயத்தில் 1953 முதல் 2017 வரை இருந்த இரு சாளரங்களின் வரலாற்றை ஆராயும் இக்கட்டுரை, வழிபாட்டிடத்தில் நீடிக்கும் தகுதி வேறு, வரலாற்றுச் சான்றாகக் காக்கப்படும் தகுதி வேறு என்றும், முன்னதை இழந்த சாளரம் பின்னதை இழந்துவிடுவதில்லை என்றும் நிறுவ முற்படுகிறது.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–1865) அடிமை முறையைக் காக்கப் பிரிந்து சென்ற தென்மாநிலக் கூட்டமைப்பின் தளபதிகளான இராபர்ட் ஈ. லீ, ‘ஸ்டோன்வால்’ ஜாக்சன் ஆகிய இருவரையும் அச்சாளரங்கள் சித்திரித்தன. தென்மாநில வீரர்களின் வழித்தோன்றல்களான பெண்கள் அமைத்த ‘கூட்டமைப்பின் ஐக்கிய மகளிர்’ என்னும் சங்கம் அவற்றை நிறுவ முன்னின்றது. இச்சங்கம் பரப்பிய ‘தோற்றுப்போன இலட்சியம்’ என்னும் கருத்தாக்கம், அப்போர் அடிமை முறைக்காக அன்றி மாநில உரிமைக்காகவே நடந்தது எனக் கற்பிப்பதாகும். ஜாக்சன் ஒரு காட்சியில் பாசறையில் மண்டியிட்டு வேதாகமம் வாசிக்கிறார். மற்றொன்றில் எக்காளங்கள் முழங்க விண்ணுலகிற்கு வரவேற்கப்படுகிறார். போர் முடிந்து 88 ஆண்டுகளுக்குப் பின் எழுந்த இச்சாளரங்கள், 1865-ஐக் காட்டிலும் 1953-இன் மனநிலைக்கே நேரடிச் சான்றாகின்றன. மார்ட்டின் லூதர் கிங் தம் இறுதி ஞாயிறு மறையுரையை 1968 மார்ச் 31 அன்று இப்பேராலயத்தில் ஆற்றியபோதும் அவை அங்கேயே இருந்தன.

கண்ணாடி ஓவியத்தின் ஆற்றலை அதன் ஆக்கமுறையே விளக்கும். நிறமேற்றிய கண்ணாடித் துண்டுகளின் மீது முகமும் ஆடை மடிப்பும் தீட்டப்பட்டுச் சூளையில் சுடப்படுகின்றன. பின்னர் இருபுறமும் பள்ளமுள்ள ஈயப்பட்டைகளில் அவை செருகப்பட்டு, பட்டைகள் சந்திக்கும் இடங்கள் பற்றவைக்கப்படுகின்றன. சிலையின் மீது ஒளி விழுகிறது. சாளரமோ ஒளியைத் தானே ஏந்தி, கற்றளத்தின் மீதும் அமர்ந்திருப்போர் மீதும் தன் நிறத்தைப் படரவிடுகிறது. இறையருளின் குறியீடாகத் திருச்சபை மரபு கருதும் அவ்வொளி ஒரு தளபதியின் உருவத்தின் வழியே இறங்கும்போது அவருக்குப் புனிதர் நிலை வாய்த்துவிடுகிறது. அருகே விளக்கப்பலகை வைத்தால் போதும் என்னும் வாதம் இங்குப் பொருந்தாமல் போவது இதனாலேயே.

அரைகுறைத் தீர்வின் போதாமையைப் பேராலயத்தின் பட்டறிவு காட்டுகிறது. 2015 ஜூனில் சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயத்தில் கறுப்பின மக்கள் ஒன்பது பேர் வெள்ளை இனவெறியன் ஒருவனால் சுட்டுக் கொல்லப்பட்டதையடுத்து, சாளரங்களை நீக்க வேண்டும் எனப் பேராலயத் தலைமைக் குரு கேரி ஹால் கோரினார். 2016-இல் கூட்டமைப்பின் கொடி தீட்டிய கண்ணாடித் துண்டுகள் மட்டும் எடுக்கப்பட்டு, அவ்விடங்களில் வெற்றுக் கண்ணாடி பொருத்தப்பட்டது. கொடி மறைந்த பின்னும் தளபதிகள் பக்தர்களாகவே காட்சி தந்தனர். சிக்கல் கொடியில் மட்டும் இல்லை, புனிதப்படுத்தலில் இருந்தது. லீயின் சிலையை அகற்றுவதை எதிர்த்து 2017 ஆகஸ்டில் சார்லட்ஸ்வில் நகரில் வெள்ளை இனவாதிகள் திரண்டு வன்முறை மூண்டதை அடுத்து, பேராலய ஆட்சிக்குழுவின் முடிவின்படி செப்டம்பரில் சாளரங்களின் புனிதநிலை நீக்கப்பட்டு, அவை கழற்றப்பட்டன.

அகற்றுவது வரலாற்றை அழிப்பதாகும் என்னும் மறுப்பு எளிதில் புறந்தள்ளத் தக்கதன்று. உடைத்திருந்தால் அது முற்றிலும் பொருந்தியிருக்கும். ஆனால் கழற்றிய கண்ணாடி பாதுகாக்கப்பட்டது. லீ சாளரம் 2021-இல் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றுக்கும் பண்பாட்டுக்குமான தேசிய அருங்காட்சியகத்தில் இரவலாகக் காட்சிக்கு வைக்கப்பட்டது. வணங்குவோர் தலைக்கு மேல் நின்றபோது விளக்கத்திற்கு இடங்கொடாத அக்கண்ணாடி, காண்போர் கண்மட்டத்திற்கு இறங்கியபோது, தன்னை உருவாக்கிய காலத்தைப் பற்றி உண்மை பேசும் ஆவணமாயிற்று.

வெற்றிடத்தை நிரப்பும் பொறுப்பு 2021-இல் ஓவியர் கெரி ஜேம்ஸ் மார்ஷலிடம் ஒப்படைக்கப்பட்டது. அடிமை முறை ஒழிந்த 1865-ஐச் சுட்டும் வகையில் அவர் 18.65 டாலரை மட்டுமே ஊதியமாகப் பெற்றார். 2023 செப்டம்பர் 23 அன்று திறக்கப்பட்ட அவருடைய சாளரங்களில் நீதி கோரும் பதாகைகளை ஏந்திக் கறுப்பின மக்கள் அணிவகுக்கின்றனர். பலருடைய முகங்களைப் பதாகைகளே மறைப்பதால், தனிமனிதர் எவரும் புனிதராக்கப்படுவதில்லை.

இவ்வரலாற்றிலிருந்து மூன்று அளவுகோல்களை வகுக்கலாம்: சாளரம் யாரைப் புனிதராக்குகிறது, அதற்கான மறுமொழியை அதே இடத்தில் வலுவாகச் சொல்ல இயலுமா, அகற்றினால் அதன் சான்று காக்கப்படுமா. இம்மூன்றையும் ஆராயாமல் சாளரத்தை அப்படியே விட்டுவைப்பதும் உடைத்தெறிவதும் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதேயாகும். வழிபாட்டிலிருந்து விலக்கி, சான்றாகக் காத்து, வெற்றிடத்தில் புதிய கலைக்கு இடமளித்த வாஷிங்டன் பேராலயத்தின் வழியே இத்தகைய சாளரங்களுக்குத் தக்க வழியாகும்.