பம்பாய் மாநகரும் நம்மவரும்

1995-ஆம் ஆண்டு முதல் மும்பை என வழங்கும் இந்நகரை நம் முன்னோர் பம்பாய் என்றே அழைத்தனர்; பழங்கதை பேசும்போது நாமும் அவ்வாறே அழைப்போம். விருந்தினராய் வருவோர் கண்ணுக்கு இது கடலோரச் சாலையும் ‘கேட்வே’ வாயிலும் கொண்ட எழில்நகர். இங்கேயே வாழ்வோர்க்கோ, காலைப்பொழுதில் தாதர் நிலையத்தில் மின்வண்டிக்குள் ஒரு கால் வைக்க இடம் தேடும் ஊர். இரண்டும் மெய்யே.

ஏழு தீவுகளாய்க் கிடந்த இம்மண்ணை 1668-இல் இங்கிலாந்து மன்னர் ஆண்டுக்குப் பத்துப் பவுன் குத்தகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் கொடுத்துவிட்டார். பின்னர்க் கடலைத் தூர்த்துத் தூர்த்து ஒரே நிலமாக்கினர். 1853-இல் போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு ஓடிய முதல் பயணி ரயிலைப் பற்றிப் பள்ளிச் சிறுவரும் அறிவர். நமக்கு முதன்மையான ஆண்டு அதுவன்று, 1871. அவ்வாண்டில்தான் பம்பாயிலிருந்து வந்த இருப்புப்பாதையும் சென்னையிலிருந்து வந்த இருப்புப்பாதையும் ராய்ச்சூரில் கைகோத்தன. நம்மவர் வரவுக்கு வழி அங்கே திறந்தது.

முன்னே வந்தவர் யார்? நம்மவர் பேச்சில் பம்பாய்த் தமிழர் வரலாறு மாட்டுங்காவில் தொடங்கி மாட்டுங்காவிலேயே முடிந்துவிடுகிறது. உண்மை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் வணிகரும் தோல் பதனிடும் தொழிலாளரும் வந்து தாராவியில் குடியேறினர். மித்தி ஆற்றங்கரைச் சதுப்பு நிலம் அது. கோலி மீனவர் ஊர். பாந்திராவில் அந்நாளில் இறைச்சிக்கூடம் இருந்தமையால் தோல் எளிதிற் கிடைத்தது. நாற்றமெடுக்கும் தொழிலை நகரினுள் வைத்துக்கொள்ள எவரும் விரும்பவுமில்லை. அச்சேற்றைக் குப்பையாலும் மண்ணாலும் நிரப்பி, காலூன்றும் தரையாக்கிய கைகளில் தமிழ்க் கைகள் பல.

மாட்டுங்காவின் பிறப்பு வேறு வகை. 1896-இல் பிளேக் நோய் பரவி நகரையே உலுக்கிய பின், 1898-இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை ஒன்றை அரசினர் நிறுவினர். அவர்கள் திட்டமிட்டு வகுத்த வடபுறப் பகுதிகளுள் ஒன்று இது. அகன்ற தெருக்கள், நிழல் மரங்கள், காற்றோட்டமான சிறு மாடிக் கட்டடங்கள். ரயில்வே அலுவலகங்களுக்கும் வணிக நிறுவனங்களுக்கும் கணக்கர்களாகவும் சுருக்கெழுத்தாளர்களாகவும் வந்த நம்மவர் இங்கே குடிபுகுந்தனர். 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கமும், 1952-இல் ஷண்முகானந்த சபையும் தோன்றின. 1990-இல் தீக்கிரையான அச்சபையின் அரங்கம் மீண்டும் எழுந்து நிற்பது நமக்குப் பெருமையே.

இவ்விரு குடியிருப்புகளுக்கும் இடையே நடைதூரந்தான். நடுவில் ஓர் இருப்புப்பாதை. அதைக் கடந்தவர் குறைவு என்பதற்குத் தூரம் காரணமன்று, சாதி காரணம். அதை மறைத்து எழுதும் வரலாறு வரலாறாகாது.

நெரிசலைக் குறித்துப் புலம்புவோர் ஒன்றை நோக்க வேண்டும். 1901-இல் ஏறத்தாழ எட்டு இலட்சம் பேர் வாழ்ந்த நகர், 1951-இல் புறநகர்களையும் சேர்த்து முப்பது இலட்சத்தை எட்டியது. 2011-இலோ ஒரு கோடியே இருபத்துநான்கு இலட்சம். 1947-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 1940-ஆம் ஆண்டு வாடகையையே அளவுகோலாக நிறுத்தியது. குடியிருந்தோர்க்கு அது அரண். புதிதாய் வந்தோர்க்கு அதுவே அடைத்த கதவு. வாடகை உயராத வீட்டை உடையவர் செப்பனிடுவாரோ? ‘பகடி’ப் பணம் கொடுத்து நம் தந்தையர் பெற்ற அறைகள் இன்று விரிசல் கண்டு நிற்கின்றன. அவற்றை இடித்து எழுப்பும் வானளாவிய மாளிகைகளில் வாழ வகையற்ற பிள்ளைகள் முலுண்டுக்கும் டோம்பிவிலிக்கும் நவி மும்பைக்கும் பெயர்ந்துவிட்டனர். சங்க விழாவுக்கு வர அவர்கள் இரண்டு வண்டி மாறவேண்டியிருக்கிறது!

1966-இல் சிவசேனை தோன்றிய பிறகு தென்னாட்டார்மீது எழுந்த சினத்தை மூத்தோர் மறந்திலர். எழுத்தர் வேலைகளெல்லாம் நம்மவர்க்கே போகின்றன என்பது குறை. உணவு விடுதிகள்மீது கல் எறிந்தது தவறு; ஆயினும் ஊரார் மொழியைக் கற்காமலே ஆண்டுகள் பல கழித்தவர் நம்முள் இருந்தனர் என்பதும் பொய்யன்று. பின்னர் 1982 சனவரியில் தொடங்கிய ஆலை வேலைநிறுத்தத்தால் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் குடும்பங்கள் அல்லலுற்றன. பீனிக்ஸ் ஆலை இருந்த இடம் இன்று பெருவணிக வளாகம். டிராம் வண்டி 1964-இலும், பழைய டீசல் மாடிப்பேருந்து 2023-இலும் விடைபெற்றன. இவை போனதற்கு வருந்துவோர் ஆலைகள் போனதற்கும் சிறிது வருந்தலாம்.

2005 ஜூலை 26 அன்று ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, இடுப்பளவு நீரில் இரவெல்லாம் நடந்தவர்க்கு முன்பின் அறியாதோர் தேநீரும் பிஸ்கட்டும் தந்து, தம் வீட்டுத் தரையில் படுக்க இடமும் அளித்தனர். எவரும் எவர் மொழியையும் கேட்கவில்லை. தூர்ந்து குறுகிய மித்தி ஆறு அன்று பழைய சதுப்பைத் தேடி வந்தது; தாராவியும் நீரில் நின்றது.

தோல் பதனிடும் தொழில் பெரும்பாலும் அங்கிருந்து போய்விட்டது. தோற்பை செய்வோர் இருக்கின்றனர். காமராசர் பெயரால் ஒரு பள்ளி நடக்கிறது. பொங்கலன்று தொண்ணூறு அடிச் சாலையில் பெண்கள் வரிசையாகப் பானை வைக்கின்றனர். காணாதவர் ஒருமுறை காணவேண்டும். 2004-ஆம் ஆண்டு முதல் பேசப்பட்டுவரும் மறுசீரமைப்புத் திட்டம் இப்பொழுது அவ்வாசல்களை அணுகியுள்ளது. எந்த ஆண்டு முதல் குடியிருக்கிறீர், சான்று எங்கே என்பதுதான் அங்கே கேள்வி. மூன்று தலைமுறையாய் அங்கே வாழ்ந்தும் பழைய ரசீது ஒன்றுமில்லாத குடும்பங்கள் உண்டு. மராத்தியில் விண்ணப்பம் எழுதவும் அலுவலகப் படியேறவும் அறிந்த ஓய்வுபெற்ற அன்பர்கள் நம்முள் பலர். சயான் நிலையத்தில் இறங்கினால், தாராவி மேற்கே நடக்கும் தொலைவுதான்.