நீச்சல் கைவீச்சின் வீடியோ பகுப்பாய்வு

நீச்சல் வீரரை நீருக்கு மேலும் கீழும் படமெடுத்து, படத்தை ஒவ்வொரு ஃப்ரேமாக நிறுத்தி, விரல்நுனி, மணிக்கட்டு, முழங்கை, தோள், இடுப்பு ஆகியவற்றின் இடத்தையும் வேகத்தையும் கணக்கிடும் முறை இது. குளக்கரையில் நிற்கும் பயிற்சியாளர் கண்ணுக்குத் தெளிவாகப் படுவது நீருக்கு மேலே வீசி வரும் கைதான். உந்துதல் பிறப்பதோ நீருக்கடியில்.

இத்துறையின் முன்னோடி அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஜேம்ஸ் ‘டாக்’ கவுன்சில்மன். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஏழு தங்கம் வென்ற மார்க் ஸ்பிட்ஸ் அவரிடம் பயின்றவர். 1968-இல் ‘தி சயின்ஸ் ஆஃப் ஸ்விம்மிங்’ நூலை வெளியிட்ட கவுன்சில்மன், பின்னர் விரலில் சிறு விளக்கைக் கட்டி இருட்டில் நீந்தவிட்டுப் படமெடுத்தார். கை நேராகப் பின்னோக்கிச் செல்லவில்லை. பக்கவாட்டிலும் மேலும் கீழுமாக வளைந்து போய், நீரில் நுழைந்த இடத்துக்குப் பக்கத்திலேயே வெளியே வந்தது. விமான இறக்கையைப் போலக் கையும் ஏற்றவிசையால் உந்துகிறது என்று அவர் முடிவுகட்டினார். ‘எஸ்’ வடிவ இழுப்பு பல குளங்களில் பாடமாயிற்று.

அந்த முடிவு அப்படியே நிலைக்கவில்லை. ஃப்ரீஸ்டைலில் உடல் பக்கவாட்டில் உருள்வதாலும் கையின் பாதை கணிசமாக வளைகிறது என்று லியூ, ஹே, ஆண்ட்ரூஸ் ஆகியோரின் 1993 ஆய்வு காட்டியது. படத்தில் பிழையில்லை. ஆனால் கேமரா இயக்கத்தைத்தான் பதிவுசெய்யும். விசையை நாம்தான் ஊகிக்க வேண்டும். கையை உயர்த்திய முழங்கையோடு பின்னோக்கித் தள்ளும்போது கிடைக்கும் தடைவிசைக்கே இன்று பலர் கூடுதல் பங்கு தருகிறார்கள்.

எளிய அளவீடுகளே பயிற்சியில் அதிகம் உதவுகின்றன. நொடிக்கு 1.8 மீட்டர் வேகத்தில், நிமிடத்துக்கு 50 சுற்று கைவீசுபவர் ஒரு சுற்றில் கடப்பது 2.16 மீட்டர். களைப்பு வந்ததும் இந்த நீளம் சுருங்குவதைப் படத்திலேயே காணலாம்.

நுணுக்கமான அளவீட்டில்தான் சிக்கல். நொடிக்கு 25 ஃப்ரேம் எடுக்கும் கேமராவில், நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் செல்லும் கை அடுத்தடுத்த இரு ஃப்ரேம்களுக்கிடையே 8 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. நீரின் ஒளிவிலகல் எண் சுமார் 1.33 என்பதால், தட்டைக் கண்ணாடி வழியே எடுத்த படத்தில் எல்லாம் கிட்டத்தில் தெரியும். அதனால் அளவு தெரிந்த சட்டம் ஒன்றை முதலில் குளத்துக்குள் இறக்கிப் படமெடுத்து அளவைச் சரிசெய்கிறார்கள். மூட்டுகளை ஒவ்வொன்றாகச் சுட்டிக் குறித்த வேலையை இப்போது செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் செய்கின்றன. ஆனாலும் கை நீருக்குள் நுழையும் கணத்தில் கிளம்பும் குமிழிகள் மணிக்கட்டை மறைத்தால் அவையும் தடுமாறும். அந்த ஃப்ரேம்களை ஆள் உட்கார்ந்து திருத்த வேண்டியிருக்கிறது.